பால்வாடியில் பிள்ளையைச் சேர்த்தாச்சு, அடுத்து என்ன?

இரண்டு வயது முடிந்ததும் பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கலாம். பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, தாயின் ஆதார் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். பிள்ளைக்கு இன்னும் ஆதார் எடுக்கவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கட்டணம் கிடையாது.

சேர்த்த பிறகு பெற்றோர் கண்ணில் படாமல் போவது எடைதான். மாதாமாதம் எடை பார்த்து, சரியாக ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துணவு தந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் முதலில் தொடங்கியதே மதுரை மாவட்டத்தில் மேலூரைத் தாண்டி இருக்கிற கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான். நம் மண்ணில் வேர்விட்ட பழக்கம் இது, விட்டுவிடக் கூடாது.

இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு பிள்ளை வருஷத்துக்குச் சுமார் 2 கிலோ ஏறும். மாதக் கணக்கில் 150 முதல் 200 கிராம்தான். செருப்பும் கொலுசும் கனத்த சட்டையும் சேர்ந்தாலே அந்த ஒரு மாத வளர்ச்சி தெரியாமல் போய்விடும். அதனால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால், ஒவ்வொரு முறையும் அதே தராசில் நிறுத்துங்கள். பிள்ளை ஏறும் முன் முள்ளோ எண்ணோ பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எடையைத் தேதியோடு வீட்டு நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் எடை அப்படியே நின்றால் காரணம் தேடுங்கள். வயிற்றுப்போக்கு, குடற்புழு, காய்ச்சல் இருக்கலாம். பல வீடுகளில் பெட்டிக்கடை பாக்கெட் தீனியே பிள்ளையின் பசியைக் கொன்றுவிடுகிறது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 11.5க்குக் கீழே போனால் அன்றைக்கே போக வேண்டும்.

படிப்பு விஷயத்தில் அவசரம் வேண்டாம். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து 'அ' எழுதச் சொன்னால் விரல் வலிக்கும், வெறுப்புத்தான் வரும். அம்மாவின் சுங்குடிச் சேலைப் புள்ளிகளை விரல்விட்டு எண்ணட்டும். சிரட்டையில் மணலை நிரப்பிக் கொட்டட்டும். புளியங்கொட்டையை மூன்று வயதுக்கு முன் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். இந்த மாதம் என்ன பாட்டு, என்ன கதை என்று டீச்சரிடம் கேட்டு, ராத்திரி வீட்டில் ஒரு தடவை சொல்லவையுங்கள்.

தராசு பழுது, முட்டை வரவில்லை என்றால் முதலில் டீச்சரிடமே பேசுங்கள். பெரும்பாலும் அவர் கையிலும் இருக்காது. அடுத்து மேற்பார்வையாளர், அதற்கும் மேலே வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அங்கேயும் நகராவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்து, ரசீது வாங்குங்கள். தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர் குறைகளைக் கிராம சபையில் நாலைந்து தாய்மார்கள் சேர்ந்து எழுப்பி, தீர்மானமாகப் பதியவையுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் சபை கூடும் நாட்கள்.

ஐந்து வயதில் முத்தடுப்பு (டி.பி.டி.) ஊசியின் இரண்டாவது ஊக்கத் தவணை இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போவதற்கு முன் அதைப் போட்டு, அட்டையில் பதிவு வாங்கிவிடுங்கள்.