கடற்கரை உயிர்காப்புக் குழுவில் புதிதாகச் சேர்பவருக்கு

கொழும்பில் வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசைப் பக்கம் தன்னார்வ உயிர்காப்புக் குழுவொன்றில் சேரப் போகிறீர்களா? நீச்சல் பரீட்சை வைப்பார்கள்தான், ஆனால் அதில் தேறின கையோடு உங்களைக் கடலுக்குள் விடமாட்டார்கள், தத்தளிப்பவரை நோக்கி எறிகிற கயிற்றுப் பையைத்தான் கையில் தருவார்கள். முகம் சுளிக்காமல் வாங்குங்கள். கயிற்றைச் சுருட்டி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் திணியுங்கள், சுருட்டினால் எறியும்போது சிக்கும். பையை ஒழுங்காக அடைக்கிறவனை நம்பித்தான் மற்றவன் தண்ணீருக்குள் இறங்குவான்.

அணியில் பாதிப்பேர் சிங்களப் பொடியன்களாக இருப்பார்கள். "அதின்ன", "நவத்தன்ன" என்று கத்தினால் யோசிக்காமல் கை இழுக்கவும் நிறுத்தவும் வேண்டும், இலக்கணமெல்லாம் பிறகு பிளேன்டீ குடிக்கும்போது பார்க்கலாம். மூத்தவரை அண்ணா, ஐயா என்று கூப்பிடுங்கள். மச்சான் கொஞ்ச நாளில் தானாக வரும்.

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, நம் பக்கக் கடல் முரடாக இருக்கும். அப்போதும் ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் சனம் குளிக்க வரும், அதுவும் அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடமாகப் பார்த்து இறங்கும். வெளியே இழுக்கிற நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான். விசிலடித்து அவர்களை நகர்த்துவதுதான் வேலையில் முக்கால்வாசி, ஏச்சும் வாங்குவீர்கள், எதிர்த்துக் கதைக்காதீர்கள்.

ஒருவர் தத்தளித்தால் கம்பு நீட்டுங்கள், எட்டாவிட்டால் கயிறு எறியுங்கள். நீந்திப் போவது கடைசி வழி, போனாலும் உங்களுக்கும் அவருக்கும் நடுவில் மிதவை டியூப் இருக்கட்டும், இல்லையென்றால் பயத்தில் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார். கரைக்கு வந்தும் மூச்சில்லையா? வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கச் சொல்லிச் சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள், கேட்காதீர்கள். முதலில் 5 மூச்சு ஊதுங்கள், பிறகு நெஞ்சில் 30 அமுக்கம், 2 மூச்சு என்று விடாமல் போகட்டும். இன்னொருவர் ஆம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழைக்கட்டும். எழும்பி உட்கார்ந்து "ஒன்றுமில்லை" என்றாலும் களுபோவில ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள், நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணித்தியாலம் கழித்தும் வேலையைக் காட்டும்.

காப்பாற்ற முடியாமல் போகும் நாளும் வரும். அன்றைக்கு யாரையும் தனியாக வீட்டுக்கு விடாதீர்கள். எங்கேயாவது கொத்துரொட்டிக் கடையில் உட்காருங்கள், கதைக்கிறவன் கதைக்கட்டும், சும்மா இருக்கிறவனைத் தோண்டாதீர்கள், யார் பிழை என்ற விசாரணையை மட்டும் அடுத்த பயிற்சிக்குத் தள்ளிப்போடுங்கள்.

அப்புறம், ஞாயிறு வர முடியாதென்றால் வெள்ளி இரவே சொல்லுங்கள். விடிந்த பிறகு வரும் "சொறி மச்சான்" மெசேஜை யாரும் மறக்கமாட்டார்கள்.