மெட்டல் டிடெக்டர் சும்மா சும்மா கத்துதா? கரண்ட் தொல்லையான்னு கண்டுபிடிச்சு குறைக்கிறது எப்படி

முதல்ல இந்த டெஸ்ட்டை பண்ணுங்க. காயிலை (மெஷினோட அடியில இருக்குற வட்டத் தட்டு) இடுப்பு உயரத்துக்கு தூக்கி, அசைக்காம அப்படியே பிடிங்க. ஆட்டாமலே கத்துச்சுன்னா அது பெரும்பாலும் வெளியில இருந்து வர்ற கரண்ட் தொல்லை, மண்ணுல வச்சு வீசும்போது மட்டும் கத்துச்சுன்னா மண்ணுல இருக்குற இரும்புச்சத்து இல்லன்னா குப்பை. அப்புறம் நின்ன இடத்துலயே மெதுவா சுத்தி, காயிலை வேற வேற பக்கம் திருப்பி பாருங்க, ஒரு திசையில சத்தம் ஏறி இன்னொரு திசையில இறங்குனா சந்தேகமே வேண்டாம்.

காயில் ஒரு ஆன்டெனா மாதிரிதான் வேலை செய்யுது, நாணயத்துல இருந்து திரும்பி வர்ற ரொம்ப சின்ன சிக்னலை பிடிக்கிறப்ப கூடவே டிரான்ஸ்ஃபார்மர், எல்இடி லைட், சோலார் இன்வெர்ட்டர், பாக்கெட்ல இருக்குற போன்னு எல்லாத்தையும் சேர்த்து பிடிக்கும். கரண்ட் லைன்ல ஓடுறது 50 ஹெர்ட்ஸ், கேரட் ஏஸ் 300ன்னு ஒரு டிடெக்டர் ஓடுறது 8 கிலோஹெர்ட்ஸ், ரெண்டும் எப்படி மோதும்னு நிறைய பேர் கேக்குறாங்க. 50 மட்டும் இல்லைங்க, அதோட மடங்குகளும் மேல வரைக்கும் போகும், கூடவே இன்வெர்ட்டர், சார்ஜர் எல்லாம் உள்ள வேகமா ஆன் ஆஃப் ஆகுறதால பல கிலோஹெர்ட்ஸ்ல நாய்ஸ் விடும்.

சரி, என்ன பண்றது? போனை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க, ஸ்மார்ட் வாட்சை கழட்டுங்க, பின்பாயின்டரை (குழிக்குள்ள துல்லியமா தேடுற கைக்கருவி) ஆஃப் பண்ணுங்க. அப்புறம் காயிலை அசைக்காம வச்சு நாய்ஸ் கேன்சல் (தொல்லை கம்மியா இருக்குற சேனலை மெஷினே தேடிக்கிற வசதி) போடுங்க, உங்க மெஷின்ல அந்த வசதி இல்லன்னா ஃப்ரீக்வென்சியை கொஞ்சம் தள்ளி வைங்க. ஈக்வினாக்ஸ் 800 மாதிரி ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சில ஓடுற மல்டி ஃப்ரீக்வென்சி மெஷின்னா, ஒரே ஒரு ஃப்ரீக்வென்சில ஓடுற சிங்கிள் மோடுக்கு போய் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ்னு ஒவ்வொண்ணா மாத்தி எது அமைதியா இருக்கோ அதுல நில்லுங்க. சின்ன காயில் இருந்தா மாட்டுங்க, அது நாய்ஸையும் கம்மியா பிடிக்கும். சென்சிட்டிவிட்டியை குறைக்கிறது இதுக்கெல்லாம் அப்புறம்தான், ஆனா குறைக்க தயங்காதீங்க, கத்திட்டே இருக்குற ஃபுல் சென்சிட்டிவிட்டியை விட அமைதியா இருக்குற நடுத்தர செட்டிங்தான் ஆழத்துல இருக்குறதை காட்டிக் கொடுக்கும்.

இப்ப எல்லாரும் கோட்டை விடுற விஷயம். சத்தமே இல்லாமலும் தொல்லை இருக்கும். டிஸ்கிரிமினேஷன் (இரும்பு, குப்பை சத்தத்தை வடிகட்டுற செட்டிங்) போட்டிருந்தா கத்தல் காதுக்கு வராது, ஆனா நாய்ஸ் உள்ள இருந்துட்டே தான் இருக்கும், கல்யாண மண்டபத்துல மேளம் அடிக்கிறப்ப பக்கத்துல மெல்ல பேசுறவங்க குரல் அமுங்கிப் போற மாதிரி ஆழத்துல இருக்குற நாணயம் அமுங்கிடும். அதை கண்டுபிடிக்க ஒரு நாணயத்தை காயில் முன்னாடி காட்டி எவ்ளோ தூரம் வரைக்கும் பிடிக்குதுன்னு லைனுக்கு பக்கத்துல ஒரு தடவை, நல்லா தள்ளி போய் அதே செட்டிங்ல ஒரு தடவை அளந்து பாருங்க, வித்தியாசம் அப்பட்டமா தெரியும்.

ஒரே சீரா கிட்டத்தட்ட செகண்டுக்கு ஒரு தடவை டிக் டிக்னு வந்தா பெரும்பாலும் பக்கத்துல மின்வேலி இருக்கும். கூட வந்தவங்க மெஷினும் உங்களுதும் ஒரே மாடல்னா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கத்தும், தள்ளி நில்லுங்க இல்லன்னா ஒருத்தர் ஃப்ரீக்வென்சியை மாத்துங்க.

தங்கம் தேடுறவங்க வச்சிருக்குற பல்ஸ் இன்டக்‌ஷன் மெஷின் (விட்டு விட்டு துடிப்பா சிக்னல் அனுப்புற வகை) இந்த தொல்லையில இன்னும் மோசமா மாட்டும். மைன்லேப் ஜிபிஎக்ஸ் 5000ல டபுள் டி காயில் (உள்ள ரெண்டு D வடிவ சுருள் இருக்குறது) போட்டிருந்தா, காயில் சுவிட்சை கேன்சல்ல வச்சா தொல்லை குறையும், ஆனா பிடிக்கிற ஆழமும் குறையும், லைனுக்கு கீழ வேற வழியில்ல. தூரத்து மின்னலையும் இது வெடுக் வெடுக்னு காட்டும், அப்படி கேட்க ஆரம்பிச்சா எந்த செட்டிங்கையும் தொடாதீங்க, வெட்டவெளியில நிக்காம கிளம்பிடுங்க.