மெலோடியனில் போல்ஸ்கா: இரண்டாம் தட்டை விட்டுவிடுங்கள்

மெலோடியன் என்பது துருத்தியைத் தள்ளும்போது ஒரு சுரமும் இழுக்கும்போது வேறு சுரமும் தரும் பொத்தான் அக்கார்டியன். ஸ்வீடனின் போல்ஸ்கா நடன மெட்டுகள் மூன்று தட்டில் அமைந்தவை. அதனாலேயே, அதே மூன்று தட்டு நடன இசையான வால்ட்ஸ் வாசித்துப் பழகிய இடது கை ‘பாஸ் (தாழ்ந்த சுரம்), கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), கார்டு’ என்று ஓடத் தொடங்கிவிடும். போல்ஸ்காவில் அழுத்தம் பெரும்பாலும் விழுவது முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும்தான். ஆகவே ஒன்றில் பாஸ், மூன்றில் கார்டு. இரண்டில் இடது கை சும்மா இருக்கட்டும். துருத்தி மட்டும் நிற்கக் கூடாது.

டி/ஜி மெலோடியனில் (ஒரு பொத்தான் வரிசை டி சுருதியிலும் மற்றது ஜி சுருதியிலும் அமைந்தது) இ மைனர் மெட்டு வாசிக்கிறீர்களா? ஜி, பி சுரங்களை ஜி வரிசையில் தள்ளி எடுக்காமல், டி வரிசையில் இழுத்தே எடுங்கள். இ மைனர் கார்டும் வழக்கமாக இழுப்பில்தான் கிடைக்கும். துருத்தியின் திசையை அடிக்கடி மாற்றும் குலுக்கல் இருக்காது. கார்டு மைனரா மேஜரா என்று காட்டும் மூன்றாம் சுரத்தை நிறுத்தும் ஸ்டாப் (விசை) இருந்தால், அதையும் தயங்காமல் பயன்படுத்துங்கள்.