கறுத்தப் பொட்டை அழிக்காதீர்கள்: பிள்ளைகளைப் படம் எடுக்கத் தொடங்குகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்து ஸ்ரூடியோ ஒன்றில் பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் கேட்பது எந்தக் கமரா வாங்குவது என்றுதான். ஸ்ரூடியோவில் இருக்கிற கமராவே போதும். 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை மட்டும் கையில் வைத்திருங்கள். விலையும் குறைவு, யன்னல் வெளிச்சத்திலேயே எடுக்கலாம். ஷட்டர் வேகம் அசையாமல் இருக்கிற பிள்ளைக்கு 1/250 விநாடி, ஓடுகிற பிள்ளைக்கு 1/500. அதற்குக் கீழே இறங்க வேண்டாம். ஐஎஸ்ஓ (கமரா வெளிச்சத்தை உணர்கிற அளவு) கூடிப் படத்தில் கொஞ்சம் புள்ளி விழுந்தால் சமாளிக்கலாம், அசைந்த முகத்தை ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்குப் போய் எடுப்பதென்றால் காலை எட்டரைக்குள், இல்லாவிட்டால் பின்னேரம் நாலரைக்குப் பிறகு. இடையில் எங்கள் வெயில் கண்ணுக்குக் கீழே கறுத்த நிழல் போட்டுவிடும். வேறு வழியில்லை என்றால் விறாந்தை விளிம்பில், கூரை நிழல் முடிகிற இடத்தில், பிள்ளையை வெளியே பார்க்க இருத்துங்கள். முற்றம் கிரவல் மண்ணாக இருந்தால் அந்தச் சிவப்பு நிறம் பிள்ளையின் நாடியில் (முகவாயில்) ஏறும். வீட்டில் ஒரு வெள்ளை வேட்டி வாங்கிப் பிள்ளைக்கு முன்னால் நிலத்தில் விரித்தால் முகம் தெளிந்துவிடும். தூசி கிளப்புகிற சோளகக் காற்றுக் காலத்தில் வெளியே நின்று லென்ஸ் மாற்றாதீர்கள்.

போனவுடனே கமராவைத் தூக்காமல் பாயில் பிள்ளையோடு இருங்கள். எப்போது நித்திரை, எப்போது சாப்பாடு என்று தாயிடம் கேளுங்கள். எல்லாரும் நாலு பக்கமும் நின்று கைதட்டிக் கூப்பிட்டால் பிள்ளையின் கண் எங்கேயும் நிற்காது. ஒரு ஆளை மட்டும், அநேகமாக அம்மம்மாவை, உங்கள் தலைக்குப் பின்னால் நிறுத்துங்கள். பிள்ளை அவரைப் பார்க்கும், படத்தில் உங்களைப் பார்க்கிற மாதிரி இருக்கும்.

முதல் பல் முளைத்ததும் செய்கிற பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குதான் பெரிய சோதனை. பிள்ளையை இருத்தி, தலைக்கு மேலே வெள்ளைத் துணி பிடித்து, கொழுக்கட்டையைக் கொட்டுவார்கள். மூன்று விநாடியில் முடிந்துவிடும், இன்னொரு தடவை கொட்டச் சொல்ல முடியாது. அதனால் முன்கூட்டியே நிலத்தில் குப்புறப் படுத்து, பிள்ளையின் கண்மட்டத்தில் கமராவை வைத்து, தொடர்ச்சியாக எடுக்கிற முறையில் தயாராக இருங்கள். முதல் கொழுக்கட்டை துணியில் விழும்போது பிள்ளை திடுக்கிட்டு மேலே பார்க்கும். அந்தப் படம் வேண்டும். உடனே கமராவைத் தாழ்த்தவும் வேண்டாம். முன்னால் வைத்த புத்தகம், பேனை, நகையில் எதைத் தொடுகிறது என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அந்தச் சின்னக் கையைக் கிட்டப் போய் எடுங்கள்.

பிறந்த குழந்தை என்றால் முப்பத்தோராம் நாள் சடங்கு முடியட்டும். கைகளில் நாடியை ஊன்றித் தூங்குகிற மாதிரி வெளிநாட்டுப் படங்களைக் காட்டிக் கேட்பார்கள். அவை தலையை ஒருவர் பிடித்திருக்க எடுத்து, இரண்டு படங்களை ஒட்டிச் செய்தவை. அப்படி இருத்திப் பார்க்காதீர்கள்.

என் முதல் வருடத்தில் ஒரு பிள்ளையின் கன்னத்துக் கறுத்தப் பொட்டைக் கணினியில் அழித்துவிட்டு, முகம் வடிவாக வந்ததென்று கொடுத்தேன். அம்மம்மா படத்தை மேசையில் திருப்பி வைத்து, “நாவூறு படாமல் நான் வைச்ச பொட்டு எங்க?” என்று கேட்டார். திரும்பப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். மூக்குச்சளியைத் துடையுங்கள், பொட்டிலும் மச்சத்திலும் கை வைக்காதீர்கள்.

அப்புறம், படத்தைத் தொலைபேசியில் அனுப்பியதோடு விட்டுவிட வேண்டாம். 2009இல் இடம்பெயர்ந்து வந்த வீடுகளில் அல்பங்கள் மிஞ்சவில்லை. இன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய் தகப்பன் பலரிடம் தங்கள் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. “இவன் என்னை மாதிரியா இருக்கிறான்?” என்று ஒரு தகப்பன் கேட்டபோது, ஒப்பிட்டுப் பார்க்க என்னிடமும் ஒன்றும் இல்லை. ஆகவே ஒரு பிரிண்டாவது கையில் கொடுங்கள். கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு வீடுகளில் வையுங்கள். பேஸ்புக்கில் போடுவதானால் தாயைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பிரிண்டின் பின்னால் பெயர், திகதி, ஊர் மூன்றையும் எழுதுங்கள். குமிழ்முனைப் பேனையால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மார்க்கரால் மெல்ல எழுதி, மை காய்ந்த பிறகு உறையில் போடுங்கள்.