பழைய காருக்குப் புது சவுண்ட் சிஸ்டம்: காசைக் கரியாக்கும் தவறுகள்

அம்பாசடரோ பத்மினியோ வாங்கி, இன்ஜின் வேலை முடித்து, பெயின்ட்டும் அடித்தாகிவிட்டால் அடுத்து கை போவது பாட்டுப் பெட்டிக்குத்தான். மதுரையில் கேட்கவே வேண்டாம். காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டிப் பழகிய ஊர். கடைக்குள் நுழைந்ததுமே "எத்தனை வாட்ஸ்ண்ணே?" என்று கேட்டுவிடுவார்கள். பழைய வண்டிக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. வண்டி எவ்வளவு கரன்ட் தரும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகளில் கரன்ட் தயாரிக்க ஆல்டர்னேட்டர் கிடையாது, டைனமோதான். அவற்றில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 வகை சுமார் 22 ஆம்பியர் கொடுக்கும். ராத்திரி மேலூர் ரோட்டில் போகிறீர்கள் என்று வையுங்கள். ஹெட்லைட்டுக்கு எட்டு, பத்து ஆம்பியர் போய்விடும். இக்னிஷன், பின்விளக்கு, மழை என்றால் வைப்பர் எல்லாம் போக மிச்சம் ஏழெட்டு ஆம்பியர் இருந்தால் பெரிது. அதுவும் வண்டி ஓடும்போது. சிக்னலில் ஐடிலில் நிற்கையில் டைனமோ கிட்டத்தட்ட ஒன்றுமே தராது; டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுக்கும். இந்த வண்டியில் 300 வாட்ஸ் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டினால் முழுச் சத்தத்தில் அது மட்டுமே 40 ஆம்பியர் வரை இழுக்கும். பாட்டுக்குக் கரன்ட் கொடுப்பது டைனமோ அல்ல, பேட்டரி. மறுநாள் காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஆல்டர்னேட்டர் மாற்றுவது ஒரு வழி. அசல் டைனமோவை விட மனசில்லை என்றால் ஆம்பே இல்லாமல் டேஷ்போர்டில் மாட்டும் செட்டோடு நிறுத்திக்கொள்வது இன்னொரு வழி. என்னைக் கேட்டால் இரண்டாவதே போதும்.

ஏன் போதும் என்றால், பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கு வேறு, நிஜம் வேறு. "50 வாட்ஸ் x 4" என்று எழுதிய செட் தொடர்ந்து தருவது சேனலுக்கு 15, 20 வாட்ஸ்தான். பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரும் பவரைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். எண்ணை. அதைவிட முக்கியமாக, ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை. டெசிபலில் போட்டிருப்பார்கள். 87 இருக்கும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 இருப்பதை வாங்கினால், பாதி பவரிலேயே அதே சத்தம் வரும். ஆம்புக்குக் கொடுக்கவிருந்த காசு மிச்சம். ஆனால் இதைக் கடையில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அட்டையைத் திருப்பி நாமே படிக்க வேண்டியதுதான்.

அடுத்தது எர்த். இங்கேதான் அதிகமான செட்டுகள் செத்துப்போகின்றன. பழைய மோரிஸ், ஆஸ்டின் வகையறாவில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில். இப்போதைய செட்டின் இரும்பு உறையோ மைனஸ். அப்படியே டேஷ்போர்டில் திருகினால் நேரடி ஷார்ட். பேட்டரி முனை எங்கே போகிறது என்று பார்க்காமல் எதையும் மாட்டக் கூடாது. நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிக்கொள்ளலாம், அதை டைனமோவைப் போலரைஸ் செய்ய (அதன் பிளஸ், மைனஸைப் புது எர்த்துக்கு ஏற்ப மாற்ற) தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

நெகட்டிவ் எர்த் வண்டி என்றாலும் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் கால ரேடியோவிலிருந்து ஸ்பீக்கருக்கு வருவது பெரும்பாலும் ஒரே வயர். மறுமுனை பாடியில் எர்த். இன்றைய செட்டில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டுமே உள்ளிருந்து ஓடுபவை, அந்த மைனஸ் எர்த் கிடையாது. "இருக்கிற வயரையே வச்சுக்கலாம்ணே" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். செட் சூடாகி அணைந்து அணைந்து எரியும், இல்லையேல் செட்டுக்குள் சத்தத்தைப் பெருக்கும் சிப் (ஐ.சி.) ஒரேயடியாகப் போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் செட்டிலிருந்து புதிதாக இரண்டு வயர் இழுங்கள்.

இழுத்த பிறகு, ஒரு ஒன்றரை வோல்ட் டார்ச் பேட்டரியை வயர் முனைகளில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பிளஸ்ஸுக்குப் பிளஸ் பட்டால் கோன் முன்பக்கமாகத் துள்ளும். நாலு ஸ்பீக்கரும் ஒரே பக்கம் துள்ள வேண்டும். ஒன்று மட்டும் உள்ளே இழுத்தால் அதற்கு வயர் மாறியிருக்கிறது. பாட்டு கேட்கும், ஆனால் பாஸ் காணாமல் போயிருக்கும். மாட்டும் ஆட்கள் இது தெரியாமல் "ஸ்பீக்கர் சரியில்ல, ஊஃபர் வைங்க" என்று செலவை இழுத்துவிடுவார்கள்.

புதிதாகப் போடும் ஆம்ப் லைனுக்கு பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் வேண்டும். ஐம்பது வருஷத்து வயரிங்கில் துணி உறை பொடிப்பொடியாக உதிரும் நிலையில் இருக்கும். பழைய லைனிலிருந்து கிளை எடுத்தால் பாட்டு நிற்பதோடு போகாது, வண்டியே தீப்பிடிக்கலாம்.

இரைச்சல் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் அதற்குத்தான் தேவையில்லாமல் ஸ்பீக்கரை மாற்றுகிறார்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙீ' என்று ஏறும் சத்தம் டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரில் இருந்து. 'டிக் டிக்' என்று வேகமாகும் சத்தம் பிளக் வயரும் இக்னிஷன் பாயின்ட்டும் சேர்ந்து செய்வது. டீசல் அம்பாசடரில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது, ஆகவே அந்த டிக் டிக் வராது. வால்யூமை முழுக்கக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் இரைச்சல் அதே அளவில் இருந்தால், அது செட்டுக்குப் பின்னால், ஆம்ப் எர்த்திலோ, செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுபோகும் ஆர்.சி.ஏ. வயரிலோ புகுகிறது. ரேடியோவில் மட்டும் வந்தால் ஏரியலைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் ஏரியலின் எர்த் துருவேறியிருக்கும். பெயின்ட்டின் மேல் திருகிய எர்த் எர்த்தே அல்ல. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்க்க வேண்டும். ரெசிஸ்டர் பிளக் வயர், இக்னிஷன் காயிலில் இரைச்சலை அடக்கும் ஒரு சப்ரஸர் கண்டென்சர், கரன்ட் கேபிள் ஒரு பக்கம், ஆர்.சி.ஏ. கேபிள் மறுபக்கம். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

வெட்டுவது பற்றி எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. சிங்கிள் டின் எனும் வழக்கமான அளவுள்ள செட்டின் முகம் சுமார் 18 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம். அதற்காக இரும்பு டேஷ்போர்டை அறுத்தால், அந்த ஓட்டையை மூடும் டின்கர் வேலைக்கு செட்டின் விலையைவிட அதிகம் ஆகும். செட்டை குளோவ் பாக்ஸுக்குள்ளோ சீட்டுக்கு அடியிலோ ஒளித்துவிட்டு, பழைய ரேடியோவை முகத்துக்கு அப்படியே விடுங்கள். போனிலிருந்து ப்ளூடூத்தில் பாடினால் போதும், செட் முகம் கண்ணில் பட வேண்டிய அவசியமே இல்லை. கதவில் ஸ்பீக்கர் வைத்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு ஆழம் அளக்க வேண்டும். ஏற்றிய நிலையில் அளந்து, மாட்டிய பிறகு இறக்கினால் கண்ணாடி போய் மேக்னட்டில் மோதும்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் பின் தட்டில் பேப்பர் கோனும் ஃபோம் விளிம்பும் சீக்கிரமே நொறுங்கும். ரப்பர் விளிம்பு உள்ளதை வாங்குங்கள். அதிர்வைக் குறைக்க ஒட்டும் ஷீட்டிலும் இதே கதை: விலை மலிவு என்று தார் ஷீட் ஒட்டினால் உருகி டோர் பேட் வழியே ஒழுகும், நாற்றம் வேறு. பியூட்டைல் ஷீட் கொஞ்சம் விலை, ஆனால் நிற்கும். ஒட்டும்போது கதவின் அடியிலுள்ள தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். ஐப்பசி மழை உள்ளே தேங்கினால் கதவின் அடிப்பாகம் துருவேறிக் கையோடு வரும்.

கடைசியாக மஞ்சள் வயர். புது செட்டில் மஞ்சள் எப்போதும் கரன்ட் கேட்கும், சிவப்பு சாவி போட்டால் கேட்கும், கருப்பு எர்த். சாவி தொந்தரவே வேண்டாம் என்று மஞ்சளையும் சிவப்பையும் முறுக்கி பேட்டரியில் கொடுப்பார்கள். மாசத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் அழகர்கோயில் வரை போய்வரும் வண்டிக்கு அது ஆகாது; பேட்டரி இறங்கிக் கிடக்கும். தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, பேட்டரி முனையில் ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் போட்டுவிடுங்கள். திரும்ப எடுக்கும்போது ஸ்டேஷன்களை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.