பெர்மிட் கைக்கு வந்தாச்சா? உடனே காரை எடுத்துடாதீங்க
கலிஃபோர்னியால 15½ வயசுலயே கார் ஓட்டிப் பழகறதுக்கான பெர்மிட் எடுக்கலாம், அதுக்கான 25 மணி நேர டிரைவர் எஜுகேஷனை ஆன்லைன்லயே முடிச்சிடலாம், ஆனா நிறைய பேர் கோட்டை விடறது அதுக்கு அடுத்த ஸ்டெப்லதான். எழுத்து டெஸ்ட் பாஸ் பண்ணிட்டோமேன்னு அப்பா காரை எடுத்துடக்கூடாது, டிரைவிங் ஸ்கூல் இன்ஸ்ட்ரக்டர் முதல் கிளாஸ்ல பெர்மிட்ல கையெழுத்து போட்டாதான் அது செல்லும். அதனால கோர்ஸ் ஓடிட்டிருக்கும்போதே இன்ஸ்ட்ரக்டரோட ஓட்டிப் பழகற அந்த 6 மணி நேர கிளாஸுக்கு ஸ்லாட் பிடிச்சு வைங்க. அப்புறம் லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி 6 மாசம் பெர்மிட்ல இருக்கணும், வீட்டாளுங்களோட 50 மணி நேரம் ஓட்டணும், அதுல 10 மணி நேரம் ராத்திரில. இந்த ராத்திரி கணக்கை மட்டும் தயவுசெஞ்சு சும்மா எழுதி ஒப்பேத்தாதீங்க, எதிர்ல வர்ற ஹெட்லைட் கண்ணுல அடிக்கறப்போ ரோட்டோட வலது ஓரக் கோட்டைப் பாத்து ஓட்டறதெல்லாம் ஸ்டியரிங் பிடிச்சாதான் பழகும்.