கேன், மஸ்ட், மைட்: தமிழ் வினையின் வாலைப் பிடித்து ஆங்கிலம் பேசுவோம்

எல்லவிலோ நுவரெலியாவிலோ ஹோட்டல் வேலைக்குப் போகிற நம்ம தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதல் நாளே தேவைப்படுவது இந்தத் துணைவினைகள்தான். சூத்திரமாக மனப்பாடம் செய்ய வேண்டாம், ஏனென்றால் பாதி விடை தமிழிலேயே இருக்கிறது.

முதலில் அமைப்பு. கேன், குட், மே, மைட், மஸ்ட், ஷுட், வில், வுட், ஷல், இவற்றுக்குப் பின்னால் வினைச்சொல் மொட்டையாக வர வேண்டும். அக்கா கொழுந்து பறிப்பார் என்றால் "ஷீ பிளக்ஸ்", ஆனால் பறிக்க முடியும் என்றால் "ஷீ கேன் பிளக்", அங்கே 'ஸ்' கிடையாது. நடுவில் 'டு' போடவும் கூடாது, "மஸ்ட் டு கோ" பிழை. கேள்விக்கு "டூ யூ கேன்" வேண்டாம், "கேன் யூ" போதும். "வில் கேன்" என்று இரண்டையும் சேர்த்துக் கட்டவும் முடியாது, "வில் பி ஏபிள் டு" என்று சொல்லுங்கள்.

அப்புறம், பேச நினைக்கிற வாக்கியம் தமிழில் எப்படி முடிகிறது என்று பாருங்கள். 'முடியும்' என்றால் கேன். 'லாம்' என்றால் கொஞ்சம் நில்லுங்கள், அது இரண்டு வேலை செய்கிறது: "உள்ளே வரலாம்" என்பது அனுமதி, அதற்கு கேன் அல்லது மே, "இன்றைக்கு மழை வரலாம்" என்பது ஊகம், அங்கே "இட் மைட் ரெய்ன் டுடே" என்பதுதான் சரி, கேன் பொருந்தாது. 'வேண்டும்' என்றால் கட்டாயமா ஆலோசனையா என்று பிரியுங்கள். கோச்சியில், அதாவது ரயிலில், ஏற டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும், அது மஸ்ட். நுவரெலியாவுக்குக் குளிர்சட்டை கொண்டு போனால் நல்லது, அது ஷுட்.

இப்போது சொல்லப்போவதில்தான் நீங்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். "ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம்" என்பதை "யூ மஸ்ட் நாட் கம் ஆன் சண்டே" என்று சொன்னால், வரவே கூடாது என்ற தடையாகிவிடும், கேட்கிறவர் மனம் நோகும். அதனால் 'வேண்டாம்' வரும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டு 'கூடாது', 'வேண்டியதில்லை' இரண்டில் எது பொருந்துகிறது என்று வைத்துப் பாருங்கள். கோவிலுக்குள் செருப்புப் போடக் கூடாது: "யூ மஸ்ட் நாட் வேர் ஸ்லிப்பர்ஸ் இன்சைட்". பணம் கட்ட வேண்டியதில்லை: "யூ டோன்ட் ஹேவ் டு பே". விருந்தாளியிடம் இந்த இரண்டும் இடம் மாறினால் விஷயமே தலைகீழாகிவிடும்.

கடந்த காலத்திலும் ஒரு சிக்கல் உண்டு. நானுஓயா ஸ்டேஷனில் மேடை காலியாக இருக்கிறது, "கோச்சி போயிருக்க வேண்டும்" என்கிறோம். அது ஊகம்: "இட் மஸ்ட் ஹேவ் லெஃப்ட்". "நாம் முன்பே கிளம்பியிருக்க வேண்டும்" என்றால் கிளம்பவில்லை என்ற வருத்தம்: "வி ஷுட் ஹேவ் லெஃப்ட் ஏர்லியர்". தமிழில் ஒரே வால், ஆங்கிலத்தில் இரண்டு. நேற்று ஒரு தடவை எப்படியோ கோச்சியைப் பிடித்தீர்கள் என்றால் 'குட்' வராது, "ஐ வாஸ் ஏபிள் டு கேட்ச் இட்". பிடிக்க முடியவில்லை என்பதற்கு "ஐ குடுன்ட் கேட்ச் இட்" தாராளமாக வரும்.

சரி, இந்த மூன்றையும் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இங்கே புகைபிடிக்கக் கூடாது. அவர் பதுளைக்குப் போயிருக்கலாம். விடைகள்: "யூ டோன்ட் ஹேவ் டு வெயிட்", "யூ மஸ்ட் நாட் ஸ்மோக் ஹியர்", "ஹீ மைட் ஹேவ் கான் டு பதுளை".